மாட்டிக்கொண்டவர் கவனத்துக்கு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அப்புறம் நெடுங்காலம் கைகட்டிச் சும்மா இருந்துவிட்டு, போன வருடக் கடைசியில் ‘ஃபோகஸ்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த இடம், லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் நான்காவது மாடி. அதற்கு முன்பும் உலகத்தில் சிலர் அந்தச் சொல்லை உச்சரித்திருக்கலாம். ஆனால் அவர்களில் யாரும் அதற்கென்று ஓர் அதிகாரியை நியமிக்கவில்லை. ஆகவே அவர்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதற்கில்லை.

ஃபோகஸ் வருவதற்கு முன்பு அந்த நிறுவனம் எப்படி நடந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஊரில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால், உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அழைப்பார்கள். ஹெல்ப்லைன் பெண் எடுத்து, “எங்க மாட்டிக்கிட்டிருக்கீங்க?” என்று கேட்பாள். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கதவு திறக்கும். மாட்டிக்கொண்டவர் வெளியே வந்து, எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டுப் போய்விடுவார். இப்படியே பல வருடங்கள் ஓடிவிட்டன. திட்டம் இல்லை, தொலைநோக்கு இல்லை. ஆட்கள் மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

இந்த அவல நிலையை மாற்றியவர் முதலாளி. கடற்கரை ஓட்டல் ஒன்றில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், கழுத்தில் ஓர் அட்டையும் முகத்தில் ஒரு தெளிவுமாகத் திரும்பி வந்தார். வந்த கையோடு ஊழியர்கள் எல்லோரையும் கூட்டினார்.

“ஃபோகஸ்னா என்ன? யாராவது சொல்லுங்க பார்ப்போம்.”

கணக்காளர் முந்திக்கொண்டார். “கேமராவுல மூஞ்சி மங்கலா தெரிஞ்சா முன்னாடி திருகுவாங்களே, அது சார்.”

மெக்கானிக்கும் எழுந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் திருப்புளி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதால் அவருக்கே ‘திருப்புளி’ என்று பெயர் வந்துவிட்டது. “டார்ச் லைட்லயும் உண்டு சார். தலைப்பக்கம் திருகினா வெளிச்சம் ஒரே எடத்துல விழும்.”

“திருகுறதைத் தவிர வேற எதுவுமே தெரியாதா உங்களுக்கு?” என்றார் முதலாளி.

ஹெல்ப்லைன் பெண் அதற்குள் மேசைக்கு அடியில் செல்போனில் அகராதியைத் திறந்துவிட்டாள். “சார், லத்தீன்ல ஃபோகஸ்னா அடுப்புன்னு அர்த்தமாம். வீட்டு அடுப்பு. குடும்பமே சுத்தி உக்காந்து குளிர் காயுமாம்.”

அறையில் எல்லோரும் சங்கடமாக நெளிந்தார்கள். ஒரு நவீன நிறுவனத்தின் கூட்டத்தில், அதுவும் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அடுப்பு என்ற சொல் வந்து விழுந்தால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? அந்த நெருக்கடியான வேளையில்தான் நம் கதாநாயகர் எழுந்தார்.

அவர் அங்கே மூத்த உதவியாளர். தலையாட்டுவதில் தனிப் பாணி உடையவர். முதலாளி வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆட்டி முடித்துவிடுவார். வருடக்கணக்காக ஒரு பதவி உயர்வுக்குக் காத்திருந்தார். “வீட்டு விஷயத்தையெல்லாம் ஆபீசுக்குள்ள கொண்டு வராதேம்மா,” என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். “அடுப்பு வேற, ஃபோகஸ் வேற.”

அடுப்பு என்ற பொருள் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இவர்கிட்ட இருக்குய்யா ஃபோகஸ்,” என்றார். மறுநாள் காலை அவர் மேசையில் ‘ஃபோகஸ் அதிகாரி’ என்று எழுதிய பலகை வந்து உட்கார்ந்தது.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஆனால் பயனுக்குக் குறைவே இல்லை. சம்பள உயர்வு கேட்டுப் போன கணக்காளருக்கு, “இப்ப நம்ம ஃபோகஸ் அது இல்ல” என்ற பதில் கிடைத்தது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கட்டடக் காவலாளியிடம் முறையிட்டால் அவரும் அதையே சொன்னார். முன்பெல்லாம் “அது என் வேலை இல்ல” என்று சொன்னால் மனிதர்கள் சண்டைக்கு வருவார்கள். “அது என் ஃபோகஸ் இல்ல” என்று சொன்னால் வணங்கி வழிவிட்டார்கள். தாமதமாக வந்த ஒருவர், “பஸ்ல ஃபோகஸ் பண்ணிட்டே வந்தேன் சார், ஸ்டாப்பை விட்டுட்டேன்” என்று விளக்கம் கொடுத்துப் பாராட்டும் வாங்கிப் போனார். ஒரே ஒரு சொல் ஓர் அலுவலகத்தின் அத்தனை சோம்பலுக்கும் கோட்டு சூட்டு மாட்டி நிற்கவைத்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

புதிய அதிகாரியும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். அந்த வாரம் அவர் எதில் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். அதைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ‘ஃபோகஸ் நேரம்’. அப்போது எல்லோருடைய செல்போனும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது. சுவர்க் கடிகாரத்தையும் கழற்றச் சொல்லிவிட்டார். ஃபோகஸ் நேரம் முடிந்துவிட்டதா என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். கணக்காளரின் நாற்காலி கிறீச்சிட்டது. நாற்காலி அகற்றப்பட்டது, கணக்காளர் நின்றபடி ஃபோகஸ் செய்தார்.

கடைசியாக அவர் பார்வை வராந்தாவுக்குப் போனது. அங்கேதான் அந்தக் கட்டடத்து லிஃப்டின் அபாய மணி இருந்தது. கீழ் மாடி டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் லிஃப்டுக்குள் இருக்கும் அதன் பொத்தானை விளையாட்டுக்கு அமுக்கிவிட்டு ஓடுவது வழக்கம்.

“இதோட ஒயரைக் கழட்டிடு,” என்றார் திருப்புளியிடம்.

“சார், யாராவது மாட்டிக்கிட்டா?”

“நம்ம லிஃப்ட்லயா? யோவ், நாம லிஃப்ட் கம்பெனிய்யா!”

“அதனாலதான் சார் கேக்கிறேன்.”

“திருப்புளி, உன் அட்டையில என்ன எழுதியிருக்கு?”

திருப்புளி அட்டையைத் தூக்கிப் பார்த்தார். அதில் ‘கேள்வி கேட்காமல் செய்தல்’ என்று இருந்தது. ஒயரைக் கழற்றினார். ஊரில் உள்ள அத்தனை லிஃப்டுகளுக்கும் மணி சரியாக அடிக்கிறதா என்று பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம், தன் சொந்த லிஃப்டின் வாயைக் கட்டியது. வராந்தாவில் அப்படி ஓர் அமைதி. அதிகாரி கண்ணை மூடி அதை அனுபவித்தார்.

இவ்வளவு பெரிய சொத்தை ஆபீசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோனார். சாப்பிடும்போது சாப்பாட்டில் ஃபோகஸ், செல்போன் பார்க்கும்போது செல்போனில் ஃபோகஸ். இரண்டுக்கும் நடுவில் மனைவி பேசினால், “ஒரு நேரத்துல ஒண்ணும்மா” என்று கையைக் காட்டிவிடுவார்.

மனைவிக்கும் அப்போது ஒரே கவலைதான். மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அந்தப் பள்ளி நல்ல பள்ளி, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். விண்ணப்பம் வாங்கவே விடியலில் போய் வரிசையில் நின்றாள். இப்போது நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் வர வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும்.

“வியாழக்கிழமை பன்னெண்டரைக்கு. ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

“ம்.”

“எங்கன்னு சொல்லுங்க?”

“நீ சொன்ன எடத்துக்குத்தான்.”

“நான் எந்த எடம் சொன்னேன்?”

அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “வியாழக்கிழமை,” என்றார்.

“நானே ஆபீசுக்கு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பதினொண்ணரைக்கு ரெடியா இருங்க. அது போதும்.”

“டன்,” என்றார் அவர். அப்படிச் சொன்னது அவளிடமா செல்போனிடமா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. ஃபோகஸ் நேரம் கம்பீரமாக நடந்துகொண்டிருந்தது. கணக்காளர் நின்றுகொண்டிருந்தார். முதலாளி தன் கண்ணாடி அறையில் கண்களை மூடி, நிறுவனத்தின் எதிர்காலத்தில் ஃபோகஸ் செய்துகொண்டிருந்தார். அது லேசான குறட்டையாக வெளியே கேட்டது. பிஸ்கட் டின்னுக்குள் யாருடைய செல்போனோ விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அதிகாரி டின்னின் மேல் ஒரு தடித்த கோப்பைத் தூக்கி வைத்தார். அதிர்வு அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஹெல்ப்லைன் மணி அடித்தது. அந்த வாரம் அந்தப் பெண்ணின் அட்டையில் ‘புதிய வாடிக்கையாளர்’ என்று எழுதியிருந்தது. மீட்பு போன வாரத்து ஃபோகஸ். அது முடிந்துபோன விஷயம். வாரம் பிறந்து நான்கு நாளாகியும் ஒரு புதிய வாடிக்கையாளர்கூடச் சிக்கவில்லை என்பதால் அவள் உரையாடலை நேரில் மதிப்பிட அதிகாரியே பக்கத்தில் வந்து நின்றார். ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

“வணக்கம். அழைச்சதுக்கு நன்றி. உங்க கட்டடத்துல லிஃப்ட் இருக்குங்களா?”

“இருக்கு. நான் அதுக்குள்ளதாம்மா இருக்கேன். பாதியில நின்னு போச்சு.”

“ரொம்ப சந்தோஷம் மேடம். அந்த லிஃப்டுக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கா?”

“மணியை அமுக்கி அமுக்கி விரல் வலிக்குது, ஒருத்தரும் வரல. இங்க ஒரே இருட்டா இருக்கும்மா.”

“எங்க ஒப்பந்தத்துல உள்விளக்கும் சேரும் மேடம்.”

அதிகாரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் குரல் இறங்கிவிட்டது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “சார், பாவம் சார். நிஜமாவே மாட்டிக்கிட்டாங்க,” என்றாள்.

“பாவம்கிறது இந்த வார ஃபோகஸா?”

“இல்ல சார்.”

“குடு இப்படி. எப்படிப் பேசறதுன்னு பாரு.” ரிசீவரை வாங்கிக்கொண்டு தொண்டையைச் சரிசெய்தார். “வணக்கம் மேடம்.”

மறுமுனையில் சத்தமே இல்லை.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா மேடம்?”

“இருக்கேன்,” என்றது குரல், நிதானமாக. “நீங்க யாரு பேசறது?”

“ஃபோகஸ் அதிகாரி பேசறேன்.”

“அப்படியா. என் குரல் நல்லா கேக்குதா சார்?”

“தெள்ளத் தெளிவா கேக்குது மேடம்.”

“சரி. சார், நான் அவசரமா ஒரு எடத்துக்குப் போகணும். என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல என் தங்கச்சியோட காத்துட்டிருக்கா.”

“குழந்தைங்கன்னா கொஞ்சம் காக்கத்தான் வேணும் மேடம். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.”

“ஸ்கூல்ல சேத்தாச்சா?”

“அந்த வேலையெல்லாம் வீட்டுல பாத்துக்குவாங்க மேடம்.”

“வீட்டுலன்னா?”

“மிசஸ்தான். அவங்களுக்கு அதுல நல்ல ஃபோகஸ்.”

மறுபடியும் ஒரு மௌனம். வாடிக்கையாளர் மௌனமாக இருந்தால் வலை இறுகுகிறது என்று பொருள். பயிற்சிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதிகாரி பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“சரி சார். ஒப்பந்தம் போட்டா ஆள் வருமா?”

“புது வாடிக்கையாளருக்கு வரவேற்புச் சேவை உண்டு மேடம். மெக்கானிக் உடனே வந்து லிஃப்டை ஒரு தடவை இலவசமா பாத்துக் குடுப்பாரு.”

“அப்ப போட்டுக்குங்க.”

அதிகாரியின் உடம்பு சிலிர்த்தது. வாரத்தின் முதல் வாடிக்கையாளர்! “டைப் பண்ணும்மா,” என்று பெண்ணுக்கு உத்தரவிட்டு, விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். “உங்க பேரு மேடம்?”

அவள் பெயரைச் சொன்னாள். கல்யாணப் பத்திரிகையில் அவருடைய பெயருக்குப் பக்கத்திலேயே தங்க எழுத்தில் அச்சான பெயர். அவர் அதை எழுத்துப் பிசகாமல் உரக்கத் திருப்பிச் சொன்னார்.

“நல்ல பேரு மேடம். கணவர் பேரு?”

அதையும் சொன்னாள்.

“அட!” அவர் சிரித்தேவிட்டார். “என் பேரும் அதேதான் மேடம். என்ன ஒரு பொருத்தம் பாருங்க!”

“ஆமா சார். பொருத்தம் பாத்துத்தான் குடுத்தாங்க.”

“கணவர் என்ன பண்றாரு?”

“அவரும் லிஃப்ட் கம்பெனியிலதான் இருக்காரு.”

“அச்சச்சோ, போட்டிக் கம்பெனியா?” என்று கேட்டுவிட்டு மேலும் சிரித்தார். “அவரை விட்டுட்டு எங்ககிட்ட வர்றீங்க. நல்ல முடிவு மேடம். முகவரி சொல்லுங்க.”

கதவு எண், தெரு, கட்டடத்தின் பெயர் எல்லாம் வந்தன. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் தெருப் பெயரிலேயே நின்றுவிட்டன. “சார்…”

“ஃபோகஸ்மா, ஃபோகஸ்.”

“சார், இது நம்ம கட்டடம்.”

“ரொம்ப வசதியாப் போச்சு. திருப்புளிக்கு வண்டிச் செலவு மிச்சம்.” மறுபடி ரிசீவரில், “எந்த மாடியில நிக்குது மேடம்?”

“மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. உங்க காலுக்குக் கீழ.”

“அருமை. கணவர் வேலை பாக்கிற எடம் மட்டும் பாக்கி.”

“என் தலைக்கு மேல.”

“பதவி?”

“ஃபோகஸ் அதிகாரி.”

“ஃபோகஸ் அதி…” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார். கணக்காளர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் இருந்த ரத்தம் முழுவதும் எங்கோ அவசர வேலையாகக் கிளம்பிப் போய்விட்டது.

“மேடம்… நீயா?”

“நான்தான்.”

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க வணக்கம்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. உங்களுக்கு எப்பத் தெரியும்னு பாத்தேன்.” என்றாள். “அதோட, நீங்க என்கூட இவ்ளோ நேரம் பேசி ரொம்ப நாளாச்சு. நடுவுல நிறுத்த எனக்கு மனசு வரல.”

அவர் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினார். ஃபோகஸ் நேரத்தில் அந்த அலுவலகத்தில் ஒருவர் ஓடியது அதுவே முதல் முறை.

திருப்புளி கிடங்கில் உட்கார்ந்து ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். “யோவ், வாய்யா! என் மிசஸ் நம்ம லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க!”

திருப்புளி பதறித்தான் எழுந்தார். எழுந்த வேகத்தில் கழுத்து அட்டை மூக்கில் இடித்தது. அதைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். “சார், என் அட்டையில ஸ்பேனர் அடுக்கறது மட்டும்தான் இருக்கு.”

“நான் சொல்றேன்ய்யா!”

“நீங்க சொன்னாலும் கேக்கக்கூடாது சார். ஃபோகஸ் நேரத்துல யார் வந்து கெஞ்சினாலும், நானே வந்து கால்ல விழுந்தாலும் அட்டையை மீறாதேன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. போன வாரம் மீறினதுக்கு என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சீங்க.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. காலில் விழுவதில் பயனில்லை என்று தெரிந்ததும் அதிகாரி முதலாளியின் கண்ணாடி அறைக்குள் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் நிறுவனத்தின் எதிர்காலம் திடுக்கிட்டு விழித்துக்கொண்டது.

“சார்! என் மிசஸ் சார்! லிஃப்ட்ல…”

“பர்சனல்,” என்றார் முதலாளி. மறுபடியும் கண்களை மூடிக்கொண்டார். “வீட்டு விஷயத்தை ஆபீசுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு யாருய்யா சொன்னது? நீதானே?”

பன்னிரண்டரைக்கு நேர்முகம். மணி என்ன ஆயிற்று என்று பார்க்கச் சுவரில் கடிகாரம் இல்லை. கீழே இருட்டில் மனைவி நிற்கிறாள். அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மனைவியை நேசிக்காதவர் அல்ல. நேசம் எந்த வாரத்து அட்டையிலும் எழுதப்படாமலே போய்விட்டது, அவ்வளவுதான். அழப் போகிற வாயிலிருந்து, அவரே எதிர்பாராமல், சரியான சொல் வெளியே வந்தது.

“வாடிக்கையாளர் சார்!”

முதலாளி ஒரு கண்ணைத் திறந்தார். “புதுசா?”

“புத்தம் புதுசு சார். இப்பத்தான் போட்டேன். வாரத்தோட முதல் ஆளு.”

இரண்டாவது கண்ணும் திறந்தது. “அப்ப ஏன்யா இங்க வந்து நிக்கிறே? வரவேற்புச் சேவை குடு! எங்கய்யா அந்தத் திருப்புளி? அந்த அட்டையைக் கழட்டி எறியச் சொல்லு! காத்திருக்கிறது யாருன்னு தெரியுமா? கஸ்டமர்யா, கஸ்டமர்!”

மனைவியாக அவள் இருந்தவரைக்கும் அசையாத அலுவலகம், வாடிக்கையாளர் ஆனதும் நாலு கால் பாய்ச்சலில் எழுந்தது. திருப்புளி சாவியோடு படியில் தாவினார். கணக்காளர் டார்ச் பிடித்தார். அதன் தலையைத் திருகி வெளிச்சத்தை ஒரே இடத்தில் விழவைத்தார். அன்று அந்த அலுவலகத்தில் உருப்படியாக நடந்த ஃபோகஸ் அது ஒன்றுதான்.

கதவு பிளந்தது. லிஃப்டின் தரை கீழே தாழ்ந்திருந்தது. உள்ளே அவள் நேர்முகத்துக்கென்று எடுத்து உடுத்திய புதுச் சேலை வேர்வையில் நனைந்திருக்க, அண்ணாந்து நின்றாள். அவர் மண்டிபோட்டுக் கையை நீட்டினார். அவள் முதலில் கைப்பையைக் கொடுத்தாள். பிறகு செருப்பைக் கொடுத்தாள். பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கையைக் கொடுத்தாள்.

மேலே ஏறி வந்தவளை முதலாளி தன் மேசை ஜாடியிலிருந்து உருவிய பூங்கொத்தோடு வரவேற்றார். “வாங்க மேடம், வாங்க! இன்னையிலேருந்து நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்!”

“நன்றிங்க,” என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. “எனக்கு ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்கு. அதுக்கே லேட்டாயிடுச்சு.”

இருவரும் படியில் இறங்கி ஓடினார்கள். பள்ளிக்குள் நுழைந்தபோது தலைமை ஆசிரியை அவர்களுடைய கோப்பை மூடி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். சித்தியின் மடியில் அமர்ந்திருந்த மகள் எழுந்து ஓடி வந்தாள். “ஏம்மா இவ்ளோ லேட்டு?”

“அப்பாகூடப் பேசிட்டிருந்தேன் கண்ணு. அதான் நேரமாயிடுச்சு.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். “அப்பாகூடவா?” என்றாள். “பொய்.”

தலைமை ஆசிரியை மூடிய கோப்பைத் திறந்து அவர்களை உட்காரச் சொன்னார். அப்பாவைப் பார்த்து, “பாப்பாவுக்கு என்ன ரொம்பப் பிடிக்கும்?” என்று கேட்டார். அப்பா தொண்டையைச் சரிசெய்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். மனைவி பதில் சொன்னாள். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அவளே பதில் சொன்னாள். இடம் கிடைத்தது.

இத்துடன் ஃபோகஸின் புகழ் குன்றிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹெல்ப்லைன் உரையாடல்கள் எல்லாம் பதிவாகும் வழக்கம் உண்டு. அந்த வியாழக்கிழமைப் பதிவை முதலாளி மூன்று முறை போட்டுக் கேட்டார், கண் கலங்கினார். சொந்த மனைவியின் குரலாலும் பெயராலும் விலாசத்தாலும்கூடக் கவனம் சிதறாமல் ஒரு மனிதன் ஒப்பந்தத்தை முடித்திருக்கிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட சாதனை! புதிதாகச் சேரும் ஒவ்வோர் ஊழியருக்கும் இன்றும் அதுதான் முதல் பாடம். கேட்டு முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். அதிகாரி தலைமை அதிகாரி ஆகிவிட்டார். அபாய மணியை மறுபடி இணைப்பது பற்றி ஒரு குழு தீவிரமாக ஃபோகஸ் செய்து வருகிறது.

ஒப்பந்தம் ரத்தாகவில்லை. மனைவி அதை ரத்து செய்ய மறுத்துவிட்டாள். வாடிக்கையாளர் எந்த நேரத்தில் அழைத்தாலும் பொறுப்பு அதிகாரியே நேரில் பேசுவார் என்று அதில் ஒரு நிபந்தனை இருப்பதைப் படித்துக் கண்டுபிடித்துவிட்டாள். அலுவலக நேரம் முடிந்ததும் ஹெல்ப்லைன் அழைப்பு தலைமை ஃபோகஸ் அதிகாரியின் செல்போனுக்கு வந்துவிடும்.

ஆகவே இப்போதெல்லாம் சாயங்காலம் அவர் ஹாலில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, அவள் அடுப்படியில் நின்றபடி அந்த எண்ணை அழுத்துகிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கதவுகூடக் கிடையாது. அவள் வாயைத் திறந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. மணி அடித்தால் கேட்டுவிடுகிறது. முதல் மணியிலேயே எடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, வேறு எந்தப் பக்கமும் பார்க்காமல், பழைய நாட்களின் அந்தக் கேள்வியைக் கனிவோடு கேட்கிறார்.

“வணக்கம் மேடம். எங்க மாட்டிக்கிட்டிருக்கீங்க?”

“வீட்டுல,” என்கிறாள் அவள்.